பாங்கு இல்லாத நோன்பு

கிரேன் உரிமம் புதுப்பிக்க
ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.
சீட்டைப் படித்த கோட்டயத்து நர்ஸ்
சிரிப்பை அடக்கிக்கொண்டாள்:
"சீனி முகமது. ஆறு புள்ளி இரண்டு."

இன்னும் சர்க்கரை இல்லையாம்.
சர்க்கரைக்கு முந்தின ஸ்டாப்பாம்.
மிஸ்ரி டாக்டர் தாளில் எழுதி எழுதி அடித்தார்:
குபூஸுக்கு ஒரு கோடு. சோற்றுக்கு ஒரு கோடு.
டின் பால் ஊற்றிய டீக்கு இரண்டு கோடு.
அப்புறம் வட்டமாய் ஒரு கடிகாரம் போட்டு
இரவு எட்டிலிருந்து மறுநாள் பகல் பன்னிரண்டுவரை
கறுப்பாகத் தீட்டினார்.
இதற்குள் தண்ணீர் குடி, காவா குடி,
வேறொன்றும் வேண்டாம்.

இருபத்திரண்டு வயதில்
பசிக்குப் பயந்து விமானம் ஏறியவன் நான்.
ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு
ஏழு வருசம் வட்டி கொடுத்தேன்.
அதே பசியை இங்கே
மூன்று ரியால் கொடுத்துச்
சீட்டில் எழுதி வாங்கிவந்தேன்.

சொஹார் துறைமுகத்தில் காலை ஒன்பதரைக்கு
வயிறு முதல் மணி அடிக்கும்.
நாற்பது மீட்டர் உயரம்.
கண்ணாடித் தரைக்குக் கீழே பெட்டிபெட்டியாய்க் கப்பல்.
எதில் பாசுமதி, எதில் பிஸ்கட், எதில் டயர்,
எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
எல்லாவற்றையும் ஒரே பக்குவமாய்த் தூக்கி வைக்கிறேன்.
பத்தேகால் வரைக்கும் பொல்லாத நேரம்.
பிறகு பசி,
முதலாளி இல்லை என்றதும் திரும்பிப்போகிற
கடன்காரன் மாதிரி போய்விடுகிறது.
மறுபடி வரும். வீடு தெரியும் அதற்கு.

உனக்கு நோன்பு பழக்கம்தானே என்றார்கள் அறையில்.
அது வேறு.
அதில் ஊரே கூடப் பட்டினி கிடக்கும்.
பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கைக்கு வரும்.
இதற்கு நிய்யத்தும் இல்லை, நன்மையும் இல்லை,
பக்கத்தில் ஒருத்தன் பரோட்டா பிய்த்துக்கொண்டிருப்பான்.

போர்மேன் ஹமூத் தினமும் காவாவோடு
பழத்தட்டை நீட்டுவார்.
பழத்தை விட்டுக் காவாவை மட்டும் எடுத்த அன்று
"என் தோட்டத்துப் பழம். என்ன குறை?" என்றார்
முகம் மாறி.
ஊசி குத்திய விரலைக் காட்டி
"சுக்கர்" என்றேன்.
சட்டைப்பையிலிருந்து அவரும்
பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார்.
மறுநாள் தட்டு வரவில்லை.
நாலு பாதாம் வந்தது.

அறையில் நாலு பேருக்கு ஒரே சஹன்.
என் பக்கத்துச் சோற்றில் பள்ளம் விழாதது
அந்தோணிப்பிச்சைக்குத்தான் பொறுக்கவில்லை.
"கோபமா மச்சான்?" மூன்று நாள் கேட்டான்.
நாலாம் நாள் மத்தியைத் தனியாகப் பொரித்து,
முட்டைக்கோசைப் பொடிப்பொடியாய் அரிந்து வதக்கி,
"கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு, சோறுதான்" என்றான்.
கண்ணை மூடினேன்.
முட்டைக்கோசுதான்.

எட்டுக் கிலோ போனபின்
வீடியோவில் ரசீனா என்னை உற்றுப் பார்த்தாள்.
"வேலை போயிடுச்சா? சம்பளம் போடலையா?
எங்கிட்ட மறைக்காதீக."
சீட்டுகளைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.
ஆறு புள்ளி இரண்டு. மூன்று மாதம் கழித்து எடுத்தது,
ஐந்து புள்ளி ஒன்பது.
ரொம்ப நேரம் பேசவில்லை அவள்.
அப்புறம் எழுந்துபோய்
அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து
தன் சீட்டைக் கொண்டுவந்து பிடித்தாள்.
எட்டு புள்ளி நாலு. போன வருசத் தேதி.
"நீங்க அங்கன கிடந்து கவலைப்படுவீகன்னுதான்."

மாத்திரைக்காரிக்குப் பட்டினி ஆகாது என்று
ராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டாராம்.
வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், சோறு ஒரு கரண்டி.
மதியச் சாப்பாட்டை மட்டும்
ஒன்றரைக்கு மாற்றிக்கொண்டாள்.
அவளுடைய ஒன்றரை என்னுடைய பன்னிரண்டு.

கேபினில் போனுக்கு அனுமதி இல்லை.
இறங்கிவந்து லாக்கரைத் திறந்தால்
ஒரு மிஸ்டு கால் இருக்கும்.
லுஹருக்குப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிசம்.
முட்டையை உரிக்கத் தொடங்குகிறேன்.